வலதுபக்கப் பட்டை

செத்துப்போன ஒருத்தி மீது பொறாமைப்படுவது கேவலம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பதினெட்டு வருடமாகப் பட்டுக்கொண்டிருக்கிறேன். உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் குழாயடியில் நிறுத்தி நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிடலாம். அவள் குழம்பிலும் உப்புக் கூடும், அவளுக்கும் நரை விழும், அவளும் புருஷனிடம் ஏச்சு வாங்குவாள். செத்தவளிடம் என்ன குறை கண்டுபிடிக்க? சுகந்தி மஞ்சள் காமாலையில் போய்ச்சேர்ந்தபோது அவளுக்கு இருபத்துமூன்று வயது. இன்றைக்கும் இருபத்துமூன்றுதான். எனக்கு முப்பத்தொன்பது முடியப்போகிறது.

அவள் போய் ஒரு வருடம் கழித்துக் காளீஸ்வரன் என்னைக் கட்டினார். எம்.ரெட்டியபட்டியில் வீடு. பருத்தி, வெங்காயம், மல்லி என்று எது கிடைத்தாலும் லோடு ஏற்றுகிற வண்டி ஓட்டுகிறார். நான் அந்த வீட்டுக்குள் போன அன்று அவர் மகள் தங்கமாரிக்கு ஐந்து வயது. மூக்கு ஒழுக, கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பேன் பார்த்தது நான். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது நான். வயசுக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பயம் தெளியவைத்தது நான். நர்ஸ் படிப்புக்கு அருப்புக்கோட்டை பஸ்ஸில் தினம் ஏற்றிவிட்டதும் நான். எனக்கு இரண்டு தடவை உண்டாகித் தங்கவில்லை. இவள்தான் இருக்கிறாளே என்று அதோடு விட்டுவிட்டேன். ஆனால் முதல் நாள் கூப்பிட்டது போலவே இன்று வரை நான் அவளுக்குச் சித்திதான். அம்மா என்றால் அது சுவரில் மாட்டியிருப்பவள்.

சதீஸ்குமாரை அவளுக்குப் பேசி முடித்தபோது நான் நகைக்கோ சேலைக்கோ ஆசைப்படவில்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். மண்டபத்துக்கு வருகிறவர்கள் பெண்ணுக்கு அம்மா யார் என்று கேட்டால், என்னைக் கைகாட்ட வேண்டும். அவ்வளவுதான். அதற்குள் வந்து நின்றாள் அந்தச் சுவரில் இருப்பவள்.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருச்சுழியில் தாலுகா ஆபீசுக்குப் போகிற வழியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருக்கிறேன். பட்டாவுக்கும் வருமானச் சான்றுக்கும் வருகிறவர்களுக்கு மனுப் போட்டுக் கொடுப்பது என் வேலை. மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் வீடியோ செய்ய நானாகவே கற்றுக்கொண்டேன். பிறந்தநாள், காதுகுத்து, சடங்கு எல்லாவற்றுக்கும் செய்வேன். ஆனால் அதிகம் கேட்டு வருவது கண்ணீர் அஞ்சலிதான். செத்தவருடைய போட்டோவைக் கொடுத்தால், வருடாந்திரத்துக்கு ஸ்டேட்டஸ் வைக்க அரை நிமிஷ வீடியோ செய்து தருவேன். முதலில் முகம் மட்டும் வரும். ஆறாவது விநாடியில் மேலேயிருந்து சந்தன மாலை இறங்கிப் போட்டோவில் விழும். கீழே விளக்குச் சுடர் ஆடும். அப்புறம் எழுத்து வரும். மாலை, விளக்கு, எழுத்து மூன்றையும் ஒரே கட்டாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். யார் போட்டோ வந்தாலும் அந்தக் கட்டைத் தூக்கி மேலே போட்டு, எழுத்தை மாற்றினால் வேலை முடிந்தது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தங்கமாரி கடைக்கே வந்தாள்.

"சித்தி, மண்டபத்துல பெரிய ஸ்கிரீன் வைக்கிறாகளாம். என் சின்ன வயசு போட்டோவுல இருந்து எல்லாத்தையும் போட்டு நீயே ஒரு வீடியோ செஞ்சு குடு. வெளிய குடுக்க எனக்கு இஷ்டமில்ல."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எப்பிடி வேணும்னு சொல்லு, ஜமாய்ச்சிருவோம்" என்றேன்.

"ஆரம்பத்துல ஸ்கிரீன மூணு பட்டையா பிரிச்சிரு. இடது பக்கம் அப்பா, நடுவுல நானு, வலது பக்கம் அம்மா."

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி என்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். கை தன்னால் போய் முந்தானையைச் சரிசெய்தது. அவளோ போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினாள். சுகந்தியின் அக்கா வீட்டுப் பெட்டியில் கிடந்ததாம்.

திருச்சுழியில் தேர் பார்க்க வந்தபோது எடுத்தது. மஞ்சள் சேலை, தலை கொள்ளாமல் பூ, யாரோ கூப்பிட்டுத் திரும்பியது போல ஒரு சிரிப்பு. வீட்டுச் சுவரில் இருக்கிற போட்டோவில் அவள் விறைப்பாக நிற்பாள். அதைப் பார்த்துப் பார்த்து, இவள் ஒன்றும் அப்படி அழகில்லை என்று நான் மனசைத் தேற்றி வைத்திருந்தேன். இந்தப் போட்டோ அதில் மண்ணை அள்ளிப் போட்டது.

"அப்பாதான் எடுத்தாகளாம் சித்தி. அப்பவே கேமரா எரவல் வாங்கிட்டு வந்து எடுத்திருக்காக பாரேன்!"

பார்த்தேன். என்னைக் கட்டிய பதினெட்டு வருடத்தில் அந்த மனுஷன் எனக்கென்று ஒரு போட்டோ எடுத்தது கிடையாது. கையில் போன் இருக்கிறது, கேமரா இரவல் வாங்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

"அப்ப நானு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வாய் முந்திக்கொண்டது.

"நீதான் மத்த எல்லாத்துலயும் இருக்கியே சித்தி. ஸ்கூல் போட்டோ, சடங்கு போட்டோ, காலேஜு போட்டோ, எங்க பாத்தாலும் நீதான நிக்க? அம்மா இந்த ஒண்ணுலதான் வரும்."

நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததால்தான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அநியாயமாகப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மறுநாள் செய்ய உட்கார்ந்தேன். மூன்று பட்டை செய்வது ஒன்றும் பெரிய வித்தையில்லை. கம்ப்யூட்டரில் ஒரு போட்டோவுக்கு ஒரு வரிசை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக. ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் வெட்டி நீளப்பட்டையாக்கி, திரையில் அதனதன் இடத்தில் நிறுத்த வேண்டும். இடதும் வலதும் மேலேயிருந்து இறங்கும். நடுப்பட்டை கீழேயிருந்து ஏறும். மூன்றும் சேர்ந்து நின்றதும் மெல்லிய வெள்ளைக்கோடு பிரித்துக் காட்டும். அவரை நிறுத்தினேன், மகளை நிறுத்தினேன். சுகந்தியை வெட்டும்போது என் புத்தி கோணலாக ஓடியது. பூ தெரியாமல் மேலே வெட்டினேன். சிரிக்கிற முகத்தைப் பாதி வெளியே தள்ளினேன். வெளிச்சத்தைக் குறைத்து முகத்தைக் கறுக்கவைத்தும் பார்த்தேன். அப்படியும் அழகாக இருந்தாள், சண்டாளி.

கடைசியில் சரியாகவே வைத்தேன். வைத்த கையோடு கண்ணீர் அஞ்சலிக் கட்டைத் தூக்கி அவள் மேல் போட்டேன். தங்கமாரி விளக்கு மட்டும்தான் கேட்டிருந்தாள். நான் மாலையையும் சேர்த்தேன், அதுவும் கனமான மாலையாக. சிரித்தால் என்ன, பூ வைத்தால் என்ன, செத்தவள் செத்தவள்தான் என்று மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியட்டும். எழுத்து மட்டும் அவள் சொன்னபடி போட்டேன்: 'விண்ணிலிருந்து வாழ்த்தும் என் அம்மா'. அந்தக் கடைசி வார்த்தையை அடிக்கும்போது விசைப்பலகையே உடைந்திருக்கும், அவ்வளவு குத்து.

தங்கமாரி வந்து பார்த்தாள். மூன்று பட்டையும் வந்து நின்றன. மாலை விழுந்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரைக்குப் பக்கத்தில் போய், வலதுபக்கப் பட்டையில் விரலை வைத்தாள்.

"எங்கிட்டப் பேசப்போற மாதிரியே இருக்கு சித்தி" என்றாள். கண் நிறைந்திருந்தது. "ரொம்ப நல்லா செஞ்சிருக்க."

நான் போட்ட கனத்த மாலை அவள் கண்ணிலேயே படவில்லை. எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் வீட்டில் நலங்கு. தங்கமாரியை மனையில் உட்காரவைத்து மஞ்சள் பூசினோம். என் புருஷனின் அக்கா ராமலட்சுமி மதினி, சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒரு பெருமூச்சு.

"அப்பிடியே சுகந்தி வந்து உக்காந்த மாதிரியில்ல இருக்கு! அவ இருந்திருந்தா இன்னைக்கு எப்பிடி ஓடியாடித் திரிஞ்சிருப்பா. குடுத்து வைக்கலையே!"

அதைக் கேட்டு என் புருஷன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். சுற்றி நின்ற பெண்களும் உச்சுக்கொட்டினார்கள். விடியற்காலை நாலு மணியிலிருந்து அடுப்படிக்கும் வாசலுக்குமாக ஓடியாடித் திரிகிறவள் நான். கையில் மஞ்சளோடு அங்கேயே நிற்கிறேன். ஒருத்தர் என் பக்கம் திரும்பவில்லை. பந்தல்காலுக்குக்கூட யாரோ பொட்டு வைத்தார்கள், எனக்கு வைக்க ஆளில்லை.

"பென்டிரைவ் கடையில கெடக்கு, எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

"நாளைக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு இப்ப எங்கத்தா போற?" என்று மதினி கத்தினாள். நான் திரும்பிப் பார்க்காமல் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

கடையில் முதலாளி நவநீதகிருஷ்ணன் மட்டும் இருந்தார். கல்யாணத்துக்கு லீவு போட்டவள் மஞ்சள் கையோடு வந்து நிற்பதைப் பார்த்து வாயைப் பிளந்தார். "அஞ்சே நிமிஷம் அண்ணாச்சி" என்று சொல்லி கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

போட்டோவை மாற்றுவது சுலபம். பட்டையைத் தொட்டு, வேறு போட்டோவைக் காட்டினால் போதும். வெட்டு, இடம், மேலேயிருந்து இறங்குகிற ஓட்டம் எல்லாம் அப்படியே இருக்கும், ஆள் மட்டும் மாறும். சுகந்தியைத் தூக்கினேன். அவளை வீடியோவின் நடுவில், தங்கமாரியின் மொட்டைத்தலைப் போட்டோவுக்கு அடுத்தாற்போல் மூன்று விநாடி வைத்தேன். அந்த இடம் போதும் அவளுக்கு என்று வாய்விட்டே சொன்னேன். வலதுபக்கப் பட்டையில் என்னை வைத்தேன். நிச்சயதார்த்தத்துக்குக் கட்டிய பச்சைப் பட்டு, அன்றைக்குத்தான் கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருந்தேன்.

ஓடவிட்டேன். இடதில் அவர் இறங்கினார். நடுவில் மகள் ஏறினாள். வலதில் நான் இறங்கி அவள் தோளோடு தோள் நின்றேன். அப்பா, மகள், அம்மா. எவ்வளவு பொருத்தமாக இருந்தது தெரியுமா! திரும்பவும் முதலிலிருந்து ஓடவிட்டேன். நாலைந்து தடவை பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் மூன்று பட்டையும் வந்து நிற்கிற நாலாவது விநாடியோடு நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறாவது விநாடிக்குப் போகவே இல்லை. அந்தச் சின்னத் திரையில் கீழ் மூன்று வரிசைதான் தெரியும். அதற்கும் மேலே கிடக்கிற வரிசையைப் பார்க்க வேண்டுமானால் திரையைக் கீழே இழுக்க வேண்டும். நான் இழுக்கவில்லை. எத்தனை பேருக்கு எத்தனை மாலை போட்டிருப்பேன், அன்றைக்கு அந்தக் கட்டு என் நினைப்பிலேயே இல்லை.

பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, தலைகால் புரியாத சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அருப்புக்கோட்டையில் மண்டபம். ஒன்பது மணிக்கு மேல் முகூர்த்தம். மணவறையில் மாப்பிள்ளை உட்கார்ந்தாயிற்று, தங்கமாரியையும் கூட்டிவந்து உட்காரவைத்தோம். ஐயர் தாலித்தட்டைச் சபைக்குக் கொடுத்தனுப்பினார். தட்டு சுற்றி வருகிற நேரத்தில் வீடியோவைப் போடச் சொல்லி ஏற்பாடு. திரையைப் பார்த்துக்கொள்கிற பால்பாண்டியிடம் பென்டிரைவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, எல்லார் முகமும் தெரிகிற மாதிரி மேடைக்குக் கீழே ஓரமாக நின்றுகொண்டேன்.

நாதஸ்வரத்தை நிறுத்தினார்கள். அவர் இறங்கினார், மகள் ஏறினாள், நான் இறங்கினேன். "ஏ, முத்துலட்சுமிடி!" என்று எங்கள் தெருப் பெண்கள் கைகாட்டினார்கள். "பொண்ணோட அம்மா" என்று மாப்பிள்ளை வீட்டுக்காரி ஒருத்தி பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னது என் காதில் விழுந்தது. பதினெட்டு வருடம் காத்திருந்த பேச்சு.

இரண்டே விநாடி. மேலேயிருந்து சந்தன மாலை இறங்கி என் கழுத்தில் விழுந்தது.

விளக்கு எரிந்தது. எழுத்து வந்தது: 'விண்ணிலிருந்து வாழ்த்தும் என் அம்மா'. பத்தடி உயரத்தில் பச்சைப் பட்டும் மாலையுமாக நான் செத்துப்போயிருந்தேன். கீழே குத்துக்கல்லாட்டம் நின்றுகொண்டும் இருந்தேன்.

"ஐயையோ! கல்யாண வீட்டுல இது என்ன அச்சானியம்!" என்று ஒரு கிழவர் எழுந்தார்.

"ஆஃப் பண்ணுலே! ஏலே, ஆஃப் பண்ணு!" என்று என் புருஷன் ஓடினார். பதற்றத்தில் பால்பாண்டி நிறுத்துவதற்குப் பதிலாக அப்படியே உறையவைத்துவிட்டான். மாலையும் நானும் திரையில் அசையாமல் நின்றோம்.

தாலித்தட்டு நடுவழியில் நின்றுபோயிற்று. சம்பந்தியம்மாள் முகம் சுண்டிவிட்டது. தங்கமாரி மணவறையில் இருந்து எழுந்தாள்.

"ஏத்தா, எந்திரிக்காத! தாலி ஏறாம மணவறைய விட்டு எறங்கக் கூடாதுத்தா!" என்று மதினி அவள் கையைப் பிடித்தாள். அவள் உதறிவிட்டு, கழுத்துமாலை ஒருபக்கம் சரிய, படியிறங்கி நேராக என்னிடம் வந்தாள்.

"இந்த எடத்துல அம்மாவத்தான வைக்கச் சொன்னேன். நீயா மாத்துன?"

"ஆமா."

"எதுக்கு?"

கம்ப்யூட்டர் செய்த கோளாறு என்று சொல்லியிருக்கலாம். பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். பொய் நுனிநாக்கு வரை வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது.

"பொறாமைத்தா" என்றேன். "ஒங்கம்மா மேல பொறாம. அவ ஒம்பக்கத்துல நிக்கிறதப் பாக்க எனக்குப் பொறுக்கல."

"கேட்டியாடா காளீசு!" மதினி தலையில் அடித்துக்கொண்டாள். "செத்தவளக்கூட விட்டு வைக்கல பாரு இவ! அதான் சாமி இவ கழுத்துலயே போட்டுருச்சு!"

தங்கமாரி திரையை நிமிர்ந்து பார்த்தாள். மாலையை, விளக்கை, எழுத்தை, என் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாலு பேர் முன்னால் என்னை வெளியே போகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொன்னால் போய்விடுவது என்று செருப்பு எங்கே கிடக்கிறது என்றுகூடப் பார்த்துவிட்டேன்.

அவள் சட்டென்று திரும்பி, வாசல் மேசையில் சந்தனத்தோடு இருந்த குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று விரலால் அள்ளி என் நெற்றியில் வைத்து அழுத்தினாள். வகிட்டில் வைத்தாள். என் தாலியை இழுத்து அதிலும் வைத்தாள். அவள் அள்ளி வைத்த வேகத்தில் குங்குமம் என் மூக்கிலும் கன்னத்திலும் கொட்டியது.

"ஒனக்குக் கூறு இருக்கா சித்தி?" என்று கத்தினாள். மை கரைந்து கன்னத்தில் வழிந்தது. "ஒரு அம்மா போட்டோவுக்குள்ள போனது எனக்குப் பத்தாதா? நீயும் போயி அங்க நிப்பியா?"

துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.

"எங்கம்மாவ எடுத்துட்டதுக்கு ஒங்கூட அப்பறமாச் சண்ட போடுவேன். பெரிய சண்ட போடுவேன். இப்ப மொதல்ல அந்தக் கருமத்த அணைக்கச் சொல்லு. என்னால அதப் பாக்க முடியல."

பால்பாண்டி வயரையே பிடுங்கினான். திரை கறுத்தது. தங்கமாரி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்த இழுப்பில் என் வளையல் ஒன்று உடைந்தது.

"வா, வந்து எனக்குப் பின்னால நில்லு. நீ நிக்காம நான் கழுத்த நீட்ட மாட்டேன்."

அப்போதும் அம்மா என்று அவள் கூப்பிடவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் மறந்துபோயிருந்தேன். குங்குமம் கொட்டிய மூஞ்சியை முந்தானையால் துடைத்துக்கொண்டு, அழுதபடியே அவள் பின்னால் மேடை ஏறினேன்.